வழியனுப்பத் தெரிந்த விருந்தோம்பல்

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லின் முதற்பொருள் உணவு அன்று, புதுமை என்பதே. புதிதாகப் புனையப்படும் செய்யுளைத் தொல்காப்பியர் விருந்து என்னும் பெயரால் குறித்தார். புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். அவருக்குப் படைத்த உணவும் நாளடைவில் விருந்து ஆயிற்று. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். மோந்தால் குழையும் அனிச்ச மலரைப் பற்றிய குறளை நாம் அனைவரும் அறிவோம். அதே அதிகாரத்தில், நாம் அவ்வளவாக எண்ணிப் பாராத மற்றொரு கருத்தும் உண்டு. வந்தவரைப் பேணி அனுப்பிவிட்டு, இனி வருபவரை எதிர்நோக்கி இருப்பவனே நல்ல விருந்தோம்பி என்பது அக்கருத்து. அதாவது, விருந்தினர் என்பவர் புறப்பட்டுப் போக இருப்பவர். வாயிலில் நின்று வரவேற்பது போலவே, வாயில்வரை வந்து வழியனுப்புவதும் விருந்தோம்பலின் ஒரு பாதி.

இன்று உலகம் முழுவதும் ஒரு புதுவகை விருந்தோம்பல் நடைபெறுகிறது. இணையதளம் நடத்துவோர் தம் பக்கத்திற்கு வருபவரை வருகையாளர் என்றே அழைக்கின்றனர். ஆனால் அவர்களுடைய கணக்கேட்டில் முதலிடம் பெறுவது வந்தவர் என்ன பெற்றார் என்பதன்று. எவ்வளவு நேரம் தங்கினார் என்பதே. வருகையாளரை எவ்வாறு பிடித்து வைத்துக்கொள்வது என்பது இப்போது ஒரு தனிக்கலையாகவே கற்பிக்கப்படுகிறது. வந்தவரைத் தங்க வைப்பது தவறா? எந்த எல்லையில் உபசரிப்பு சிறைப்பிடிப்பாக மாறுகிறது? இவ்வறநெறிக் கேள்வியை நாம் பொறுமையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். கூகுள் நிறுவனம் தன் தொடக்க ஆண்டுகளில், வருகிறவர்கள் தேடியதைப் பெற்று விரைவில் தம் பக்கத்தை விட்டுச் செல்ல வேண்டும் என்பதையே நோக்கமாகப் பறைசாற்றியது. அதே நிறுவனத்திற்குச் சொந்தமான யூடியூப், 2012-ஆம் ஆண்டில் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. ஒரு காட்சியை எத்தனை பேர் திறந்தனர் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பது முதன்மை பெற்றது. தங்கும் நேரம் நீள நீள விளம்பரம் காட்டும் வாய்ப்பும் நீளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2017-இல் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டி மக்களின் உறக்கமே என்று பொருள்படப் பேசினார். வருகையாளர் உறங்கச் செல்வதும் வணிக இழப்பாகக் கருதப்படும் நிலை வந்துவிட்டது.

இதற்கான உத்திகளும் எளியனவே. 2006-ஆம் ஆண்டில் அசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், முடிவில்லாமல் உருண்டுகொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். புத்தகத்தில் பக்கம் முடியும். செய்தித்தாளில் கடைசிப் பத்தி வரும். அங்கே நம் மனம் ஒரு நொடி நின்று, போதுமா, இன்னும் வேண்டுமா என்று தன்னையே கேட்கும். அந்த ஒரு நொடியைத்தான் இவ்வமைப்பு நீக்கிவிட்டது. பின்னாளில் அதன் விளைவுகளைக் கண்ட ராஸ்கின் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். உளவியலறிஞர் ஸ்கின்னரின் புறாக்களும் இங்கு நினைவுகூரத் தக்கவை. எத்தனை முறை கொத்தினால் தானியம் கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் புறா விடாது கொத்திக்கொண்டே இருந்தது. அடுத்து என்ன வரும் என்று அறியாமல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நம் விரலும் ஏறக்குறைய அதையே செய்கிறது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். நல்ல ஆசிரியர் மாணவரைக் கட்டிப்போடவில்லையா? கல்கி 1950 முதல் 1954 வரை தம் இதழில் ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது, தமிழகம் அடுத்த இதழுக்காக ஏங்கவில்லையா? ‘தொடரும்’ என்னும் சொல்லும் ஒரு தூண்டில்தானே? ஆம், ஈர்ப்பது தவறன்று. அழகும் உண்மையும் இயல்பாகவே மனிதரை ஈர்ப்பவை. ஆனால் அந்தத் ‘தொடரும்’ வாசகருக்கு ஒரு வாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வாரத்தில் அவர் வயலுக்குச் சென்றார், பிள்ளைகளோடு பேசினார், படித்ததை அண்டை வீட்டாரோடு விவாதித்தார். வேட்கையை வளர்த்த எழுத்தாளர் வாயிலை அடைக்கவில்லை. உள்ளே இருப்பது நன்றாக இருப்பதால் ஒருவர் தங்குவது வேறு. வெளியேறும் வழி மறைக்கப்பட்டதால் தங்குவது வேறு. முன்னதில் அவருடைய விருப்புரிமை மதிக்கப்படுகிறது. பின்னதில் அது சுற்றிவளைத்துக் கடக்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டைக் காட்ட எங்கள் வால்பாறையிலேயே இரு சான்றுகள் உள்ளன.

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் விரியும் இத்தேயிலை மலை, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தால் சூழப்பட்டது. காட்டிலிருந்து காட்டிற்குச் செல்லும் யானைகள் தோட்டங்களின் ஊடே நடக்கின்றன. மாலை மங்கிய பின், பேருந்தை விட்டிறங்கி வீட்டிற்கு நடக்கும் தொழிலாளி எதிரே யானை நிற்பதை அறியாமலே சென்று உயிரிழந்த துயரங்கள் இங்கு நேர்ந்துள்ளன. இதற்குத் தீர்வாக, நேச்சர் கன்சர்வேசன் ஃபவுண்டேசன் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர், வனத்துறையுடனும் தோட்ட நிர்வாகங்களுடனும் மக்களுடனும் இணைந்து ஒரு செய்தி வலையை அமைத்தனர். யானைகள் எங்கே நிற்கின்றன என்பது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடும். முக்கிய இடங்களில் கைப்பேசி வழியாக இயக்கப்படும் சிவப்பு விளக்குகள் ஒளிரும். இப்பணிக்காக முனைவர் ஆனந்தகுமாருக்கு 2015-ஆம் ஆண்டில் விட்லி விருது வழங்கப்பட்டது.

அந்தக் குறுஞ்செய்தியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது சில சொற்களே கொண்டது. படித்தவுடன் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, பாதையை மாற்றிக்கொண்டு நடக்கச் சொல்கிறது. அச்செய்தியைப் படித்தவர் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கணக்கெடுத்தால் நகைப்பிற்கிடமாகும். அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்பதே அதன் வெற்றிக்கு அளவுகோல். ஒருவருடைய கவனத்தைச் சில நொடிகள் கடனாகப் பெற்று, அவருடைய வாழ்வையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் செய்தி அது.

இரண்டாவது சான்று புதுத்தோட்டம் சாலையோரத்தில் உள்ளது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்குகள், மர உச்சிகளில் பழமும் பூச்சியும் தேடி வாழ வேண்டியவை. சுற்றுலா வருவோர் வண்டியை நிறுத்தித் தின்பண்டங்களை நீட்டுகின்றனர். எளிதாகக் கிடைக்கும் உணவு குரங்குகளைச் சாலையிலேயே நிறுத்தி வைக்கிறது. சில வண்டியில் அடிபட்டு மாண்டுள்ளன. அவை சாலையில் இறங்காமல் கடக்க மரங்களுக்கிடையே பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. உணவு நீட்டியவர்களின் உள்ளத்தில் கொடுமை இல்லை. தாம் அன்பு செய்வதாகவே அவர்கள் எண்ணினர். ஆனால் அந்த உயிருக்கு எது நன்மை என்று கேட்காத அன்பு அது. அன்பு செய்தல் என்பது பிறருக்கு நன்மையை விரும்புதல் என்று, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, புனித தாமஸ் அக்குவினார் வரையறுத்தார். அவ்வரையறையின்படி, கொடுப்பது இனிப்பாக இருக்கிறதா என்பது முதற்கேள்வியன்று. பெறுபவர் தம் வாழ்வின் இலக்கை நோக்கி நடக்க அது உதவுகிறதா என்பதே முதற்கேள்வி.

விருப்பமில்லையேல் மூடிவிட்டுப் போகலாமே, பொறுப்பு பார்ப்பவருடையதுதானே என்று சிலர் கூறுவர். இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைப் புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் காட்டுகிறார். அவருடைய நண்பர் அலீப்பியுஸ், மனிதர் மனிதரை வெட்டி வீழ்த்தும் உரோமைய விளையாட்டுகளை வெறுத்தவர். நண்பர்கள் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார், செவிகளை மூடவில்லை. கூட்டத்தின் ஒரு பேரொலி அவர் கண்களைத் திறக்க வைத்தது. அதன்பின் அவர் வெறுத்த காட்சியே அவரைப் பற்றிக்கொண்டது. மீண்டும் தாமே சென்றார், பிறரையும் அழைத்துச் சென்றார். நல்ல மனவுறுதி உடையவரும் தளரும் இடம் எதுவென அறிந்து, அங்கேயே பேரொலி எழுப்புகிறவர் தமக்குப் பொறுப்பில்லை என்று கைகழுவ இயலாது.

நாமும் இக்கேள்விக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். இன்று பங்குகளும் மறைமாவட்டங்களும் பக்த சபைகளும் இணையத்தில் பக்கங்கள் நடத்துகின்றன. 2023 மே மாதத்தில் திருப்பீடத்தின் சமூகத்தொடர்புத் துறை, சமூக ஊடகங்களில் நம் ஈடுபாடு பற்றிய மேய்ப்புப்பணிச் சிந்தனை ஒன்றை வெளியிட்டது. நல்ல சமாரியர் உவமையை அது வழிகாட்டியாகக் கொண்டது. அந்தச் சமாரியர் அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்துச் செலவிற்கும் பணம் கொடுத்தார். தம்மையே நம்பியிருக்கும்படி அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. நம் பக்கங்களுக்கும் அதுவே அளவாகட்டும். திருப்பலி நேரம் தேடி வருபவருக்கு அது முதல் பார்வையிலேயே கிடைக்கட்டும். நோயுற்றவருக்கு அருள்பணியாளரை அழைக்க வேண்டிய எண் பத்துப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்க வேண்டாம். ஒரு சிந்தனை முடிந்தால் பக்கமும் முடியட்டும். நள்ளிரவில் ஒலிக்கும் அறிவிப்புகள் வேண்டாம். எத்தனை பேர் பார்த்தனர் என்னும் எண்ணை மறைப்பணியின் வெற்றியாக எண்ணி மகிழவும் வேண்டாம்.

இல்லங்களிலும் இதைச் செய்யலாம். முடிவில்லாத பக்கத்திற்கு ஒரு முடிவை நாமே வைத்துவிடலாம். உணவு மேசையில் கைப்பேசி இல்லை என்னும் ஒரு சிறு ஒழுங்கு, பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் பொதுவாக இருந்தால், அந்த ‘போதுமா’ என்னும் நொடி வீட்டிற்குள் திரும்பி வரும்.

எம்மாவு ஊருக்குச் சென்ற இரு சீடர்களோடு வழிநடந்த ஆண்டவர், ஊரை நெருங்கியபோது அப்பால் செல்பவர் போலக் காட்டிக்கொண்டார். அவர்கள் வற்புறுத்தி அழைத்த பின்னரே தங்கினார். அப்பம் பிட்கப்பட்டது, கண்கள் திறந்தன, அவர் அவர்கள் பார்வையிலிருந்து மறைந்தார். அவர்களும் அவ்வீட்டில் அமர்ந்து அந்த இனிமையைச் சுவைத்துக்கொண்டிருக்கவில்லை. இரவென்றும் பாராமல் அந்நேரமே எழுந்து, தங்களை எதிர்நோக்கியிருந்த சகோதரரிடம் எருசலேமுக்குத் திரும்பி நடந்தனர்.