சிக்கனம் யார் பங்கில்?

சிக்கனம் நற்குணம் என்பதை மறுப்பார் எவருமிலர். வருவாய் சிறிதாயினும், செலவு அதனை மிஞ்சாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. அதனை அவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வைத்தார். தன் வலியறிந்து நடப்பவனே சிக்கனக்காரன் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், குறைகின்ற செலவு யாருடைய பங்கிலிருந்து குறைகிறது என்னும் கேள்வியை நம்மவர் கேட்பதில்லை.

1920-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களின் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. தோட்டத்தில் பள்ளி வைக்க 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் இடந்தந்தும், பிள்ளையின் சில காசும் அடுப்புக்கு வேண்டியிருந்தமையால், அதனை வேலைக்காட்டுக்கு அனுப்பிய பெற்றோர் உண்டு. அவர்களைப் பழிக்க நமக்கு வாயில்லை. அவர்கள் தட்டும் வெறுமையாகவே இருந்தது.

இன்று கூலி வெள்ளியில் வருகிறது. தோட்டம் விட்டு நகரில் குடியேறியோர் பலர். அத்தகைய வீடொன்றைப் பார்ப்போம். மாதக் கடைசியில் கை சுருங்குகிறது. முதலில் நிற்பது பிள்ளையின் பால். அடுத்து அதன் புத்தகம். தாயோ மீன்துண்டைக் கணவன் தட்டில் இட்டு, தான் வெறும் குழம்புச் சோறு உண்கிறாள். தகப்பனுடைய சிகரெட்டும் மாலை மதுவும் மட்டும் குறைவதில்லை. அந்தப் பிள்ளையின் காதுகுத்துக்குக் கடன் வாங்கிப் பந்தலிட்டு ஊருக்கே விருந்திட்டதும் இந்த வீடுதான்!

இல்லாமையால் எல்லோரும் குறைத்துக்கொள்வது வேறு. இருப்பதை வலியவர் எடுத்துக்கொண்டு மெலியவரைக் குறைக்கச் செய்வது வேறு. முன்னது வறுமை, பின்னது பறிப்பு. பறிப்புக்குச் சிக்கனம் என்று பெயரிடுதல் தகாது.

“பிள்ளைக்குச் செலவிட்டு என்ன கண்டோம்? நாளை அது நம்மைக் காக்குமா?” என்று கேட்பாருமுளர். தன்னைப் பெறும்படி எந்தப் பிள்ளை நம்மிடம் மனுச் செய்தது? பிள்ளைக்கு இடும் சோறும் கல்வியும் வட்டிக்கு விடும் பணமல்ல. நம்மை வளர்த்தோரிடம் நாம் பட்ட கடன் அது. அதனை நம் பிள்ளைகளிடமே தீர்க்கிறோம்.

ஆகவே, செலவைக் குறைக்கக் கணக்கெழுத உட்காரும் தகப்பன், முதற் கோட்டைத் தன் செலவின்மீது இடுக. அதன் பின்னும் போதாவிடின் மனைவியோடு கலந்து பேசுக. பிள்ளையின் பாலும் புத்தகமும் அக்கணக்கின் கடைசி வரியிலே நிற்கட்டும்.