ஓரறிவுயிர் ஏற்கும் சுமை

நீரை வடிகட்டிப் பருகும் நாம், வெளியே விடும் நீரைப் பற்றி எண்ணுகிறோமா? கொல்கத்தாவின் கிழக்கே, 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏறக்குறைய 12,500 எக்டேர் ஈரநிலத்தில், அந்நகரின் கழிவுநீர் வெயிலாலும் பாசியாலும் தெளிவடைகிறது. குளக்கரையோரம் மிதக்கும் ஆகாயத் தாமரையின் வேர்கள் ஈயம், குரோமியம் முதலிய உலோகங்களை உறிஞ்சுகின்றன.

நஞ்சு அழிவதில்லை, நீரிலிருந்து செடிக்கு இடம்பெயர்கிறது. உரிய காலத்தில் அகற்றாவிடில், செடி அழுகி நஞ்சு நீருக்கே திரும்பும். அகற்றியதை மாட்டுக்கு இடலாகாது, எருவாக்கவும் அஞ்சவேண்டும்.

இதனைச் செடியின் தொண்டு என்பர். விரும்பி ஏற்பதன்றோ தொண்டு? நம் வினையைச் சுமந்த ஓரறிவுயிர், சுமந்ததன் பொருட்டே பறிக்கப்படுகிறது. ஆயினும் இம்முறையை நான் மறுக்கமாட்டேன். நீரில் நஞ்சு தங்கினால் மடியும் உயிர்கள் எண்ணில. ஆலையிலேயே உலோகத்தைப் பிரித்திருந்தால் இச்செடிக்கு இச்சுமை ஏது?

நம் வீட்டுப் பாத்திரம் துலக்கிய நீர் எந்தக் குளத்தைச் சேர்கிறது என்று பேத்தி வினவினாள். இன்னும் விடை கூறவில்லை.