விலைக்கு ஒரு விரதம்

சமணத்தில் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகிய நான்கும் எந்தச் சமயத்தவருக்கும் எளிதில் புரியும். ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. இதில் மட்டும் ஒரு எண் உண்டு. இவ்வளவு நிலம், இத்தனை வீடு, இவ்வளவு பொன் என்று அவரவரே ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதைத் தாண்டுவதில்லை என்று நோன்பு ஏற்க வேண்டும். இந்த விரதம் எங்கெங்கே மீறப்படும் என்று சொல்ல வரும் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், நிலத்தையும் வீட்டையும்தான் முதலில் வைக்கிறது. துறவிக்கு எண் தேவையில்லை. அவரிடம் எதுவும் இல்லை. எண் குடும்பத்தாருக்குத்தான் வேண்டும்.

நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். பொன்னூர் மலை ஏறிச் சமண ஆசாரியர் குந்தகுந்தர் பாதத்தை வணங்கி வளர்ந்தவள். ஆனாலும் ஐந்தாவது விரதத்தின் அருமை, வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களைப் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கிரய ஒப்பந்தத்தோடு வருகிறவர்களிடம், இந்த விலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “இன்னொருத்தர் கேட்டுட்டாங்க மேடம், விட்டா போயிடும்னு சொன்னாங்க.” வாங்குகிறவரின் வாழ்நாள் சேமிப்புக்கு, முகம் தெரியாத ஒருவர் விலை வைத்திருப்பார்.

சமீபத்தில் என் தம்பி மகன் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்தான். அதிகபட்சம் 70 லட்சம் என்று முன்பே எழுதி வைத்திருந்தான். பேச்சு அதையொட்டி முடியும் நேரத்தில் புரோக்கர் கூப்பிட்டார். வேறு பார்ட்டி 76 சொல்லிவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் டோக்கன் போட்டால் உங்களுக்கே முடித்துவிடலாம் என்றார்.

“அத்தை, இருபது வருஷக் கடன்ல ஆறு லட்சம் தெரியவா போகுது?” என்று கேட்டான்.

“கடன்ல வந்தாத்தானேப்பா” என்றேன்.

வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த வீட்டுக்கு 68 லட்சம் மதிப்புப் போட்டால், இந்த அளவுக் கடனுக்கு அதில் 80 சதவீதம்தான் கிடைக்கும். விற்பவர் கேட்கும் விலை 70 ஆனாலும் 76 ஆனாலும் கடன் 54 லட்சத்து 40 ஆயிரம்தான். கூடுகிற ஆறு லட்சம் முழுவதும் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அந்த வகையில் இன்னும் 54,000. பலர் இதற்கு நகையை அடகு வைப்பார்கள், அல்லது அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் எடுப்பார்கள்.

கணக்கு இவ்வளவுதான். என்னை யோசிக்க வைத்தது வேறு. நேற்று வரை 70 லட்சத்துக்கு மேல் வேண்டாம் என்றிருந்த மனதுக்கு, ஒரு போன் வந்ததும் 76 எப்படி நியாயமாகப் பட்டது? வீடு மாறவில்லை. மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் மனையில் அவன் பங்காக வரும் நிலமும் அப்படியேதான் இருந்தன. புதிதாக வந்தது இன்னொருவரின் ஆசை ஒன்றுதான். அந்த ஆசையை நம்முடையதென்று எடுத்துக்கொள்கிறோம். அந்த இன்னொருவர் உண்மையில் இருக்கிறாரா என்பதைக்கூட நம்மால் அறிய முடியாது. முன்பே வகுத்த எண் இருந்தால் அறிய வேண்டியதும் இல்லை. அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் பதில் ஒன்றுதான்.

1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் ஏலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்று எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் கணிக்கிறார்கள்; யாருடைய கணிப்பு மிக அதிகமோ அவரே ஏலத்தை வெல்கிறார். ஆகவே போட்டியாளர் பெருகப் பெருக இன்னும் நிதானமாக விலை சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இதை வாசித்தபோது எனக்கு அநேகாந்தம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவரின் பார்வையும் பொருளின் ஒரு பக்கத்தையே தொடுகிறது என்பது எங்கள் தத்துவம். ஏலத்தில் வெல்லும் விலையும் ஒருவர் கண்ட ஒரு பக்கம்தான்.

விரதத்தை உடைக்காமல் வளைக்கவும் வழிகள் உண்டு. ஒரே வீடு போதுமென்று நோன்பு ஏற்றவன் அடுத்த வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடித்து, இப்போதும் ஒரே வீடுதான் என்று சொல்லிக்கொள்வதையும் 12-ஆம் நூற்றாண்டின் சமண ஆசாரியர் ஹேமசந்திரர் மீறலாகவே எண்ணினார். மறுநாள் அதே புரோக்கர், வீடு 70-க்கே இருக்கட்டும், கார் பார்க்கிங்குக்கும் மரவேலைக்கும் தனியாக ஐந்து லட்சம் கொடுத்துவிடுங்கள் என்றார். சுவரை இடித்த கதைதான் இது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மிச்சத்தை ரொக்கமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பொய்யாமையும் சேர்ந்து போகிறது. அதற்கு நான் ஒருநாளும் உடன்பட மாட்டேன்.

வீடு அவசியத் தேவையாயிற்றே, அதற்கு எதற்கு விரதம் என்று தம்பி மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. வீடு தேவைதான். ஆனால் அந்த ஆறு லட்சம் ஒரு வீட்டுக்காகக் கேட்கப்பட்டதல்ல. குறிப்பிட்ட அந்த வீடு, அன்று சாயங்காலமே என்பதற்காகக் கேட்கப்பட்டது. இன்னொன்றும் உண்டு. நாம் மிகையாகக் கொடுத்த விலையைக் காட்டித்தான் அடுத்த கதவு எண்காரர் தன் விலையைச் சொல்வார். நமக்குப் பின்னால் வரும் குடும்பமும் அதைச் சுமக்கும். அணுவிரதம் என்னைப் பற்றியது மட்டுமாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

விலைவாசி ஏறும்போது எண் பழசாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுகர்பொருளுக்கு அளவு வைப்பதைச் சொல்லும் இடத்தில் சமண ஆசாரியர் சமந்தபத்திரர், ஆயுள் முழுவதும் காப்பதை யமம் என்றும், காலவரையோடு ஏற்பதை நியமம் என்றும் பிரிக்கிறார். வீட்டு விலைக்கு நியமம் போதும். காலம் முடிந்ததும் சம்பளம், சேமிப்பு, பக்கத்துத் தெருப் பத்திரப் பதிவுகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து புது எண் எழுதலாம். புரோக்கரின் போன் காதில் இருக்கும்போது எழுதக் கூடாது.

மடிப்பாக்கம் ஃபிளாட் வேறொருவருக்குப் போய்விட்டது. தம்பி மகன் தை பிறந்ததும் கணக்கைத் திரும்பப் பார்க்கப் போகிறான். அதுவரை அவன் எண் 70 லட்சம்தான்.