பலிக்காத வேஷங்களுக்கும் ஒரு நாள்

மே மாத வெயிலில் திருப்பதி தெருக்களில் ஒரு வாரம் வேறொரு கூட்டம் நடமாடும். மலைக்குப் போகும் கூட்டம் அல்ல அது. தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயில் ஜாத்திரைக்குச் சாட்டிவிட்டால், நாமக்கட்டியைக் குழைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு முதல் நாள் ஆட்கள் புறப்படுவார்கள். அது பைராகி வேஷம். மறுநாள் குங்குமம் பூசி பண்ட வேஷம். அதற்கடுத்த நாள் கரியைப் பூசி, வேப்பிலை கட்டி, தோட்டி வேஷம். பிறகு தொர வேஷம், அதாவது துரை. பிறகு மாதங்கி. கடைசியாகச் சுண்ணாம்பு பூசிய குடம் தலையில் ஏறும் சுண்ணாம்புக் குண்டலு. ஜாத்திரை முற்ற முற்ற, ஆண்கள் சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, பூ முடித்து, கை நிறைய வளையலோடு கோயிலுக்கு வருவார்கள். நாமக்கட்டி காயக் காயத் தோலை இழுக்கும். முழங்கை மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே வேர்வை கோடு போட்டு இறங்கும். வசதிக்காக யாரும் இப்படி ஒரு கோலத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். காரியம் ஆவதற்காகவும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த உடம்போடு கடை திறக்கவோ ஆட்டோ ஓட்டவோ முடியாது.

இந்த வேஷங்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஊர்ப் பெண்களைச் சீரழித்துவந்த ஒரு பாளையக்காரன். அவிலாலா கிராமத்தில் கிடைத்து, கைகாலா குடும்பத்தில் வளர்ந்த கங்கம்மா அவனை அழிக்கக் கிளம்புகிறாள். அவளுடைய உண்மை உருவைக் கண்டு பயந்து அவன் ஓடி ஒளிந்துகொள்கிறான். அவனைத் தேடித்தான் அவள் வேஷம் மாற்றி மாற்றி வருகிறாள். பைராகியாக வருகிறாள், அவன் வெளியே வரவில்லை. பண்ட வேஷத்துக்கும் வரவில்லை, தோட்டிக்கும் வரவில்லை. நான்காம் நாள் துரையாக வரும்போது ஏமாந்து வெளியே வருகிறான், தலை போகிறது. அதன் பிறகும் மாதங்கி வேஷமும் சுண்ணாம்புக் குண்டலுவும் பாக்கி இருக்கின்றன. ஆக, ஆறு வேஷத்தில் காரியம் முடித்தது ஒன்றே ஒன்று. மூன்று பலிக்கவில்லை, இரண்டு, வேலை முடிந்த பிறகு வந்தவை. பயனை வைத்து மட்டும் யோசிக்கிற ஒருவர் இந்த ஜாத்திரையைத் திருத்தி அமைத்தால், தொர வேஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார். ஊர் அப்படிச் செய்யவில்லை. பலிக்காத வேஷம் ஒவ்வொன்றுக்கும் முழுசாக ஒரு நாளைக் கொடுத்திருக்கிறது.

உதவாததற்கும் இடம் கொடுக்கலாமா என்ற இதே கேள்வி வெகு தொலைவில், முற்றிலும் வேறு சூழலில், ஒரு மேசையைச் சுற்றி எழுந்திருக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். நடப்பதைப் பகடை தீர்மானிக்கிறது. வலிமை, லாவகம், உடல்திடம், அறிவு, விவேகம், கவர்ச்சி என்று பாத்திரத்துக்கு ஆறு தன்மைகள். தொடக்கத்தில் மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். மந்திரவாதியாக ஆசைப்பட்டவருக்கு அறிவு 7 விழுந்தால் அது தலையெழுத்து, அவர் குற்றமில்லை. பிறகு, கொடுத்த புள்ளிகளை விருப்பப்படி பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தப் புள்ளிகள் 27. ஒரு தன்மையை 15-க்கு ஏற்ற 9 புள்ளி ஆகும்; 8-இல் விட்டுவிட்டால் செலவே இல்லை. மூன்று 15, மூன்று 8 என்று அமைத்தால் 27-உம் கணக்காகத் தீர்ந்துவிடும். தேர்வு கைக்கு வந்ததும் கூடவே ஒரு குற்றவுணர்வும் வந்தது. விதியாக இருந்தவரை 8 ஒரு சங்கதி மட்டுமே. தேர்வான பிறகு அது தவறாகிவிட்டது. மிகச் சிறந்த பாத்திரத்தை எப்படி அமைப்பது என்று கணக்குப் போடுவது ஆட்டத்துக்குள்ளேயே இன்னொரு ஆட்டமானது. அதற்கு எதிராக, தெரிந்தே உதவாக்கரைப் பாத்திரங்களை அமைத்துச் சந்தோஷமாக ஆடுகிறவர்களும் கிளம்பினார்கள். ஒல்லி எலும்பான மல்லன், கூச்சத்தில் குரல் எழும்பாத பாடகன், புத்தி மட்டான மந்திரவாதி.

அந்த உதவாக்கரைத்தனத்துக்கு என்ன விலை என்று கணக்குப் பார்க்க முடியும். இந்த ஆட்டத்தில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஐந்தாம் பதிப்பில் தன்மை 15 என்றால் பகடையோடு 2 கூட்டவேண்டும். 8 என்றால் 1 கழிக்கவேண்டும். வித்தியாசம் 3. உருட்டுவது இருபது முகப் பகடை. ஆக, புத்தி மட்டான மந்திரவாதி கெட்டிக்கார மந்திரவாதியைவிடப் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து தடவை கூடுதலாகத் தோற்பான். அவ்வளவுதான். மீதி எண்பத்தைந்து தடவை இருவருக்கும் ஒரே முடிவுதான். அந்தப் பதினைந்துக்கு ஈடாக அவன் பெறுவது என்ன? பெரிய எண் ஒன்று கையில் இருப்பவனுக்கு எல்லாச் சிக்கலும் அந்த எண்ணைக் காட்டும் இடமாகவே தெரியும். வாள் வீரன் பூட்டிய கதவை வெட்டுவான், காவலாளியையும் வெட்டுவான். கையில் ஒன்றும் உருப்படியாக இல்லாதவன்தான் கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் உண்டா என்று பார்ப்பான், காவலாளிக்குப் பசிக்கிறதா என்று கேட்பான். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பல வருஷம் கழித்தும் சொல்லிச் சிரிப்பது அந்த ஜன்னல் கதையைத்தான்.

இதை நம் பக்கத்துக் கதைக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். சித்தூர்ப் பக்கத்தில் தர்மராஜா கோயில் என்று சொல்லப்படும் திரௌபதி கோயில்களில் கோடைதோறும் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. விராட பருவத்தில் பாண்டவர்கள் ஒரு வருஷம் மறைந்து வாழ எடுத்த வேஷங்களைப் பாருங்கள். வில்லுக்கு விஜயன் என்று பேர் வாங்கியவன் அரண்மனைப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் பிருகன்னளை. கதாயுதம் ஏந்தியவன் கரண்டி பிடிக்கிறான். சூதில் நாட்டையே தோற்ற தர்மன், ராஜாவோடு சூதாடும் துணைவன். மறைந்து வாழவேண்டும் என்பது நிபந்தனை. காண்டீபத்தால் அதற்கு ஒரு உபகாரமும் இல்லை, அதை வன்னி மரத்தில் கட்டித்தான் வைக்கவேண்டும். கங்கம்மாவின் சிக்கலும் இதே மாதிரிதான். பாளையக்காரனைக் கொல்லும் பலம் அவளிடம் முதல் நாளே இருந்தது. அவனை வெளியே வரவழைக்கத்தான் பலம் உதவவில்லை.

இங்கே வாதத்தை முடித்துக்கொண்டால் சுலபம்: உதவாது என்று நினைத்தது ஒரு நாள் உதவும், ஆகவே அதையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம். சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளே அதற்குச் சாட்சி சொல்லும். கூழ் ஆலைகள் வாங்குகின்றன என்பதால் தோப்புக்குத் தோப்பு தோத்தாபுரி, நம் ஊரில் கிளிமூக்கு என்போமே, அதையே வைத்தார்கள். 2025 கோடையில் விளைச்சல் குவிந்து விலை சரிந்தபோது, அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து அதில் 4 ரூபாயைத் தானே ஏற்கவேண்டி வந்தது. எல்லாப் புள்ளியையும் ஒரே இடத்தில் கொட்டியதன் விளைவு. இது உண்மைதான். ஆனாலும் நான் இந்த வாதத்தின்மேல் சாய விரும்பவில்லை. உதவாததை அது என்றாவது உதவும் என்று சொல்லிக் காப்பாற்றினால், பயனே அளவுகோல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பைராகி வேஷம் ஒரு நாளும் உதவவில்லை. அது பலிக்கவேயில்லை என்று கதையே சொல்கிறது. இருந்தும் கைகாலா குடும்பத்தார் ஆண்டுதோறும் அந்த வேஷத்தைக் கட்டுகிறார்கள். அவளுடைய தேடல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தையும் நடந்து காட்டவேண்டும் என்பதுதான் முறை. கடைசி வெற்றியை மட்டும் நடித்துக் காட்டினால் அது வேறு கதையாகிவிடும். அதில் கங்கம்மா இருக்க மாட்டாள். தேடலில் தோற்ற நாட்களும் தேடியவளுடையவைதான். உதவாக்கரைப் பாத்திரத்தை எடுத்து ஆடுகிறவர் கேட்பதும் இதையே. இந்த ஆள் ஜெயிப்பானா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். இப்படி ஒரு ஆள் இந்த வழியில் போனால் வழி எப்படி இருக்கும் என்பதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

இதற்கு வரும் முதல் மறுப்பு மேசையிலிருந்தே வரும். நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருவர் தன் ஆசைக்கு நொண்டிப் பாத்திரத்தை இழுத்துவந்தால், சுமப்பது மற்ற மூவர்தானே? நியாயமான கேள்வி. இங்கே இரண்டு வகை ஆட்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் பலவீனமான பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதை வைத்து முடிந்ததையெல்லாம் மனசாரச் செய்கிறார். இன்னொருவர் மற்றவர்கள் கட்டுவதைக் கலைப்பதற்காகவே வருகிறார். முன்னவருடைய பாத்திரத்துக்கு எல்லோர் சம்மதமும் இருக்கும், அதற்கு விதியும் உண்டு. ஜாத்திரையில் வேஷம் போடுகிறவருக்கும் அப்படித்தான்: எந்த நாளில் எந்த வேஷம், என்ன பூசவேண்டும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். வசவு பேசுவதற்குக்கூட அங்கே நாளும் இடமும் உண்டு. அதற்கு வெளியே பேசினால் அடிதான் விழும்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதைச் சுலபமாகத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. தோட்டி வேஷம் போடுகிறவர் சாயங்காலம் கரியைக் கழுவிவிடலாம். தோட்டி என்று ஊர் பெயர் வைத்தவருக்கு அதைக் கழுவ எந்தக் குளமும் கிடையாது. மாதங்கி என்ற பெயரும் தீண்டாமைக்கு ஆளான சமூகத்துப் பெண்ணோடு சேர்ந்தது. பலவீனத்தை விரும்பி எடுப்பது, அதை எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்க முடிகிறவர்களின் சலுகையல்லவா? ஆமாம், சலுகைதான். தேர்ந்தெடுத்த 8-உம் தலையில் கட்டிய 8-உம் காகிதத்தில் ஒரே எண். வாழ்க்கையில் இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரு நாள் கரி பூசியவர், தோட்டி வாழ்வு தனக்குத் தெரியும் என்று சொன்னால் அது பொய். நான் சொல்வது இதைவிடச் சின்ன விஷயம். துரைக்கு ஒரு நாள், தோட்டிக்கும் ஒரு நாள் என்று வரிசை அமைத்த ஊர், அம்மன் இரண்டு உருவத்திலும் வந்தாள் என்று வருஷா வருஷம் சொல்கிறது. தெருவில் அதே ஊர் அதைக் கடைப்பிடிக்கிறதா என்று கேட்க, அந்த வரிசையே ஒரு பிடி கொடுக்கிறது. மற்ற வேஷங்களைத் தள்ளிவிட்டுத் துரையை மட்டும் வைத்துக்கொண்ட ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இடமிருக்காது.

வேண்டுதலையும் விளையாட்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று பக்தர் ஒருவர் கேட்கலாம். வைக்கக்கூடாதுதான். வேஷம் போடுகிறவருக்கு எதிரே அம்மன் நிற்கிறாள். பகடை உருட்டுகிறவருக்கு எதிரே நண்பர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்று என்பது என் கட்சியில்லை. மனிதர்கள் தங்கள் பலத்தைத் தாங்களே கீழே வைத்துவிட்டு, வேறொரு ஆளாகச் சிறிது தூரம் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை கோயிலிலும் இருக்கிறது, மேசையிலும் இருக்கிறது. பொதுவாக இருப்பது அது மட்டுமே.

அந்த ஆசைக்கு இன்றைக்கு இடம் எங்கே என்பதுதான் என் கவலை. திருப்பதி படிப்பூர். 1954-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது; 2015-இல் ஐஐடியும் ஐசரும் வந்தன. இந்த வாசல்களுக்குள் நுழைய வேண்டும் என்று, பத்தாம் வகுப்புக்கு முன்பே பிள்ளையின் 27 புள்ளியும் கணிதத்திலும் இயற்பியலிலும் போடப்படுகிறது. பாட்டு 8, கைவேலை 8, சும்மா இருப்பது 8. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஒரு சம்பளம் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும் இடத்தில் அவர்கள் போட்ட கணக்கு சரியானதுதான். ஆனால் சுமாராக வாசிக்கிற புல்லாங்குழலை, சுமாராகத்தான் வரும் என்று தெரிந்தே, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வாசிக்க ஒரு பிள்ளையை விட்டால் என்ன விலை கொடுக்கவேண்டி வரும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நூற்றுக்குப் பதினைந்தா, ஐந்தா? விலையைக் கேட்காமலே, கட்டுப்படியாகாது என்று திரும்பிவிடுகிறோம். பிள்ளை பிறகு வளர்ந்து, பலிக்காமல் போன பரீட்சையையும் விட்டுப்போன வேலையையும் வாழ்க்கைக் குறிப்பிலிருந்து நீக்கக் கற்றுக்கொள்கிறது. தொர வேஷம் மட்டும் மிஞ்சுகிறது.

ஜாத்திரையின் முடிவில் கோயில் முன்னால் களிமண்ணால் அம்மனுக்குப் பெரிய முகம் ஒன்று செய்வார்கள். விடியும் நேரத்தில் அதன் கன்னத்தைப் பிய்த்து எடுப்பார்கள். ஒரு விரல்நுனி மண்ணுக்காகக் கூட்டம் முண்டியடிக்கும். அதற்குள் பாளையக்காரன் செத்து மூன்று நாளுக்கு மேல் ஆகியிருக்கும். வீட்டுக்குப் போகிறவர்களின் காது மடலுக்குப் பின்னால், எவ்வளவு தேய்த்தும் போகாமல், முதல் நாள் பூசிய நாமக்கட்டி கொஞ்சம் ஒட்டியிருக்கும்.