கணு

வில்லுக்கென்று பிளந்து காயவைத்த கட்டையில் கணு தென்பட்டால் அதைக் குறை என்கிறோம். யாருடைய குறை? மரத்தைப் பொறுத்தவரை அங்கே ஒரு கிளை பிறந்தது, அவ்வளவுதான். வளைக்கவேண்டும் என்று நாம் வந்து நிற்கும்வரை அந்தக் கட்டையில் குறை என்று எதுவுமில்லை. ஆனால் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடவும் முடியாது. இழுபடும் நாணுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. வில் முறிந்தால் அந்த முகத்தில்தான் தெறிக்கும்.

1545ல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கி, 1982ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் முழு விற்கள் மட்டும் 137 கிடைத்தன. யூ மரத்து விற்கள். வில்லாளியை நோக்கும் பக்கம் அமுங்குவதைத் தாங்க வைரம். மறுபக்கம் இழுபடுவதைத் தாங்க வெளிமரம். ஒரே கட்டையில் இரண்டு சுபாவம். நல்ல கட்டைக்கு அங்கே பஞ்சம். வெளியிலிருந்து சரக்கேற்றி வரும் கப்பல்கள் டன்னுக்கு நான்கு வில்கட்டை கொண்டுவரவேண்டும் என்று 1472ல் சட்டமே போட்டார்கள். அப்படியும் அரசனின் கப்பலில் ஏறிய விற்களில் கணுக்கள் இருக்கின்றன. கணுவை ஒட்டி மரத்தின் இழை வளைந்து போகிறது. மட்டமாகச் சீவினால் இழை அறுபடும், அறுபட்ட இடத்தில் வில் முறியும். ஆகவே செய்தவன் அங்கே கொஞ்சம் மரத்தைக் கூடுதலாக விட்டு, புடைப்போடேயே வில்லை முடித்தான்.

எல்லாக் கட்டைக்கும் இது பொருந்தாது. இழையோடு ஓடும் வெடிப்பு வேறு, முதுகில் இழைக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு வேறு. பின்னதைப் பசை வைத்து மூடி, வார்னிஷ் பூசி, இன்னொருவன் கையில் கொடுப்பவனும் 'மீட்டேன்' என்றுதான் சொல்கிறான். அவன் மீட்டது தன் பெருமையை. (நண்பர்களின் கவிதைகளைத் திருத்தி அச்சிட்ட நாட்களில் நானும் இந்த வார்னிஷ் வேலை செய்திருக்கிறேன்.)

கருணையையும் பிடிவாதத்தையும் வெறும் பார்வையால் பிரித்துவிட முடியாது. கொஞ்சம் வளைத்துப் பார்க்கவேண்டும், விறைப்பாக நிற்கும் இடத்தைச் சுரண்டவேண்டும், மறுபடி வளைக்கவேண்டும். நலிந்த இடத்தில் மரம் சேர்க்க வழியில்லை. மற்ற இடங்களையெல்லாம் இளைக்கவைத்து அதன் நிலைக்குக் கொண்டுவரலாம். அப்போது வில் முறியாது, ஆனால் பலம் போய்விடும். 100 பவுண்டு எதிர்பார்த்த கட்டை 40ல் வந்து நிற்கும். முயல் வேட்டைக்கோ ஒரு பையன் பழகவோ ஆகும்.

இதில் மீட்கப்பட்டது கட்டைதானா, அல்லது நம் எதிர்பார்ப்பை நாம் கைவிட்டோமா? இரண்டும் ஒன்றுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மேரி ரோஸ் விற்களை இழுக்க 100 பவுண்டுக்கும் மேல் பலம் வேண்டும் என்று கணிக்கிறார்கள். அந்தக் கப்பலின் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன் என் 40 பவுண்டு வில்லைத் திருப்பித்தான் கொடுத்திருப்பான். அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன.