பென்டிரைவில் இடமில்லை

வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் 200 ஜிபி சமாசாரம் இருக்கிறது. கையில் இருப்பதோ ஒரே ஒரு 32 ஜிபி பென்டிரைவ். எதை பேக்கப் எடுப்பீர்கள்? கம்ப்யூட்டர் கேள்வி போலத் தெரிந்தாலும் இது பழைய தர்மசங்கடம்தான். படகு சின்னது, ஏறவேண்டியவர்கள் அதிகம்.

முதல் பாதி சுலபம். 'யூஎஸ்ஆர்' டைரக்டரியில் இருக்கும் புரோகிராம்களை விட்டுவிடலாம். பல்லாயிரம் பேர் வருஷக்கணக்காக உழைத்து எழுதியவைதான். ஆனால் நாளைக்கே மறுபடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எதையெல்லாம் நிறுவியிருக்கிறீர்கள் என்ற பெயர்ப் பட்டியல் போதும். 'ப்ராக்', 'சிஸ்' இரண்டும் டிஸ்க்கிலேயே கிடையாது. கேட்கும்போது கெர்னல் காட்டுகிற மாயத்தோற்றம். கேஷ் தானாக முளைக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து மாற்றிய செட்டிங்குகள் இருக்கும் 'ஈடிசி' பெரும்பாலும் சில எம்பிதான். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, விலைமதிப்பு வேறு, ஈடில்லாமை வேறு. உலகமே சேர்ந்து செய்தது போனால் திரும்ப வரும். பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோன 40 செகண்ட் வீடியோ போனால் போனதுதான்.

சிக்கல் 'ஹோம்' டைரக்டரியில். அங்கே நாலு பேர் குடியிருக்கிறார்கள். ரூட் பாஸ்வேர்டு ஒருவரிடம். மகளின் கிடார் பதிவுகள் அப்பாவுக்கு இரைச்சல். அப்பா ஸ்கேன் செய்த பழைய கடிதங்கள் மகளுக்குக் குப்பை. ரூட் எதையும் படிக்கலாம், அழிக்கலாம். முடிகிறது என்பதால் உரிமை வந்துவிடுமா என்ன?

ஆளுக்கு 8 ஜிபி என்று பிரித்தால்? அம்மாவின் சமையல் குறிப்புகளுக்கு 2 எம்பி போதும், தம்பியின் வீடியோக்களுக்கு 60 ஜிபியும் பத்தாது. சம பங்கு எப்போதும் நியாயமான பங்கு ஆகாது. வேறெங்கும் பிரதி இல்லாததற்கு முதல் இடம் என்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் எது அப்படிப்பட்டது என்பது வைத்திருப்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையில் அழிந்தது. பேக்கப்பும் சரியில்லை. கேலின் சுஸ்மன் என்ற பெண், குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர், தன் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருப்பதை ஞாபகப்படுத்திச் சொன்னார். படம் பிழைத்தது.

எனவே பென்டிரைவைச் செருகும் முன் வீட்டில் நாலு பேரையும் கூப்பிட்டு, "எது போனா நீ அழுவே?" என்று கேளுங்கள். பதில்கள் 32 ஜிபிக்குள் அடங்கிவிட வாய்ப்பு உண்டு. அடங்காவிட்டால் இன்னொரு பென்டிரைவ் வாங்குங்கள் சார்!