மணி கோத்த சனிக்கிழமைகள்

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டில், திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டு மாடியறையில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் மணி கோக்கும் வகுப்பில் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என்னவென்று கேட்ட உறவினர்களுக்கும் சிநேகிதிகளுக்கும் திருப்தியான விடை ஒன்றை என்னால் அப்பொழுது சொல்ல முடியவில்லை. “செய்து விற்கப் போகிறாயா?” என்றார்கள், அந்த உத்தேசம் எனக்கு இல்லை. “பேத்திக்குப் போட்டு அழகு பார்க்கவா?” என்றார்கள், எனக்குப் பேத்தி இல்லை. வருமானமும் இல்லாமல், குடும்பக் கடமையும் அல்லாமல், அறுபது வயது கடந்த ஒருத்தி வாரத்தில் ஒரு பிற்பகல் முழுவதையும் ஊசியும் நூலுமாகக் கழிப்பதென்றால் அதற்கு ஒரு நியாயம் வேண்டுமென்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பேரேடுகளில் எண்களை எழுதியும் கூட்டியும் சரிபார்த்தும் வந்தவள் நான். அத்தனை காலத்தில் என் கைகளால் ஒரு பொருளை உருவாக்கி, மேசைமேல் வைத்து, ‘இது நான் செய்தது’ என்று பார்த்ததே இல்லை என்ற குறை மட்டும் நெஞ்சின் ஒரு மூலையில் நெடுநாளாக இருந்தது.

எங்கள் ஆசிரியைக்கு வயது இருபத்தேழுக்கு மேல் இராது. அவள் என்னை ‘அம்மா’ என்றழைப்பாள். நான் அவளை ‘டீச்சர்’ என்றே அழைப்பேன். அவளுடைய தகப்பனார் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டியவர். திருச்சிச் சீமையின் பல கிராமங்களில் வீட்டுத் திண்ணைகளிலேயே நடந்துவந்த அந்தத் தொழில், இயந்திரத்தில் தீட்டிய கற்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்தபின் நலிந்துபோயிற்று. சுழலும் தட்டின்முன் குனிந்தபடியே வாழ்நாளைக் கழித்த ஒருவருடைய மகள் என்பதனால்தானோ என்னவோ, கையைப் பற்றி அவள் பேசும்போது அதில் பிரசங்க வாசனை இராது. “அவசரப்பட்டா விரல் பொய் சொல்லும்மா” என்பாள். அவ்வளவுதான்.

முதல் மாதம் எனக்குக் கணக்கே தலைகீழாயிற்று. கண்ணாடிப் பாசிமணிகளில் எண் ஏற ஏற மணியின் பருமன் குறைகிறது. எட்டாம் எண் மணியைவிடப் பதினோராம் எண் மணி சிறியது. பதினைந்தாம் எண்ணோ கடுகளவினும் சிறுத்துக் கண்ணை வருத்துவது. பதினோராம் எண் மணியின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்திலிருந்து வருகிற மணிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்குமாதலால் செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி வைத்துத் தைக்கும் பட்டைப் பின்னலுக்கு அவையே உகந்தவை. அந்தப் பின்னலில் ஒரு விசேஷம் உண்டு. நான்காவது வரிசையில் ஒரு மணியைத் தவறவிட்டால் அந்த வரிசை அதைக் காட்டிக் கொடுக்காது. ஆறாவது, ஏழாவது வரிசையில் ஓரம் கோணும்போதுதான் தெரியவரும். அப்பொழுது செய்யக்கூடியது ஒன்றே: ஊசியைக் கழற்றிவிட்டு, வந்த வழியே நூலை ஒவ்வொரு மணியாக உருவிக்கொண்டு பின்னோக்கிச் செல்லுதல். அலுவலகத்தில் பிழையான தொகையைச் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிட்டால் காரியம் முடிந்தது. இங்கே அடித்தலுக்கு இடமில்லை. முதன்முதலில் மூன்று மணி நேர உழைப்பை அரைமணி நேரத்தில் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டியபோது, மனத்தில் துக்கம் உண்டாகும் என்று நினைத்தேன். உண்டானது ஒருவகை விடுதலை. பிரித்ததனால் எனக்கு நஷ்டம் ஏதுமில்லை, எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நாளை அடுப்பு எரிவது இந்தப் பட்டையை நம்பி இல்லை. இந்த சுகம் கலையினால் வந்ததன்று, பொழுதுபோக்காகக் கற்பவளுக்கு மட்டும் வாய்த்த சௌகரியம் என்பது சில மாதங்களுக்குப் பின்னரே எனக்கு உறைத்தது.

முத்து கோக்கும் முறை மூன்றாம் மாதத்தில் வந்தது. முத்துச் சரத்தில் இரண்டு முத்துகளுக்கு நடுவே ஒரு முடிச்சு இருக்கும் என்பதை, பிறர் கழுத்தில் எத்தனையோ முறை பார்த்திருந்தும், நான் கவனித்ததே இல்லை. முத்தோடு முத்து உரசித் தேயாமல் இருப்பதற்கும், சரம் அறுந்தால் எல்லாம் சிதறாமல் ஒன்றோடு போவதற்கும் செய்த ஏற்பாடு அது. பட்டுநூலில் தளர்வாக ஒரு சுருக்குப் போட்டு, அதனுள் ஊசிமுனையைச் செலுத்தி, சுருக்கை முத்தின் வாயருகே நகர்த்திக்கொண்டு போய், ஊசியை உருவும் அதே கணத்தில் இறுக்க வேண்டும். கணம் தப்பினால் முடிச்சு எட்டி விழுந்து இடைவெளி காட்டும். அறுபத்தைந்து முத்துள்ள என் முதல் சரத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. முடிந்தபின் பார்த்தால் முத்துதான் தெரிகிறது.

நூல் என்ற சொல்லால் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறித்தவர்கள் நம் முன்னோர். நன்னூலார் இலக்கண நூலுக்கு இலக்கணம் சொல்லும்போது நூற்பவரையே உவமையாக நிறுத்தினார். பிரபந்த வகைகளுக்குப் பெயரிட்டவர்களும் கோவை, மாலை, மும்மணிக்கோவை, இரட்டைமணிமாலை என்று கோப்பவருடைய சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கையில் என்னை ஆட்கொண்ட சொல் இவற்றில் எதுவும் அன்று. ‘மணி’ என்ற எளிய சொல்தான். நெல்லிலும் மணி, கோயிலிலும் மணி, கழுத்திலும் மணி, கடிகாரத்திலும் மணி. அடித்து அறிவித்ததனால் நேர அளவுக்கு அந்தப் பெயர் வந்தது என்பது தெரிந்ததே. எனினும் “இந்தச் சரத்தில் எத்தனை மணி இருக்கிறது?” என்று டீச்சர் ஒருநாள் கேட்டபோது, நான் பாசிகளை எண்ணாமல், “ஐந்தரை மணி” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது விளங்கியது.

அன்றிலிருந்து பழைய மணிகளைப் பற்றி எது கிடைத்தாலும் வாசிக்கலானேன். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம், அகேட் ஆகியவற்றில் செய்த மணிகள் மட்டுமன்றி, துளையிடாமல் விட்டவையும் துளையிடுகையில் உடைந்தவையும் செதுக்கிய சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. முடிந்த மணியைக் காட்டிலும் முடியாத மணிதான் எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. உடைந்த மணியைக் கையில் ஏந்தி ஒரு கணம் பார்த்து, பின் கீழே போட்ட ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுவே பிரத்தியட்ச சாட்சி. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலறிஞர் வீலர் அகழ்ந்தபின் அந்த ஊர் உரோம வாணிகத்துக்காகப் புகழ்பெற்றது. மணிகளை ஆராய்கிறவர்களுக்கோ அது சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளுக்காகவே புண்ணியத் தலம். உருகிய கண்ணாடியை உள்ளே பொள்ளலாக இருக்கும்படி நீளமான குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்கி, கூர்விளிம்பு மழுங்கும்வரை மீண்டும் சூட்டில் புரட்டியெடுப்பது அந்த முறை. கடல் கடந்து கிழக்கே நெடுந்தூரம் சென்ற மணிகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் தைத்தது ஒரு சிறு கணக்கு. சிந்துவெளி மக்கள் செய்த நீண்ட சூதுபவள மணிகளை ஆராய்ந்த கெனோயர் என்னும் அறிஞர், பழைய முறைப்படியே துளையிடும் சோதனைகள் செய்து, ஒரு மணி நேரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமே செல்லும் என்று கண்டார். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மணிக்கு, அப்படியானால், துளைக்கு மட்டும் நாற்பது மணி. இன்றைக்கும் கடைகளில் வாங்குகிற சூதுபவளம் பெரும்பாலும் குஜராத்தின் கம்பாத்திலிருந்து வருகிறது. வைர முனை வந்துவிட்டதனால் துளை விரைவில் முடிகிறது. ஆயின் கல்லைத் தேய்க்கும்போது எழும் நுண்தூள் தேய்ப்பவர் நெஞ்சுக்குள் போய்ப் படிந்து நுரையீரலைக் கல்லாக்கும் நோய் அவ்வூர்த் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாகக் காணப்படுகிறது. இதை வாசித்த வாரத்தில், என் கிண்ணத்தில் கிடந்த சிவப்பு மணிகளை எடுத்துக் கோக்க எனக்குக் கை வரவில்லை. கோக்காமல் விடுவதனால் யாருக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. வாங்குவதை நிறுத்தினால் அவர்கள் கூலியும் நிற்கும். யோசித்து, அடுத்த வாரம் கோத்தேன்.

அப்பொழுதுதான் பழைய சம்பவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், சத்திரம் பேருந்து நிலையத்தில், தரையில் துணி விரித்துப் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவப் பெண் ஒருத்தியிடம் கறுப்பும் சிவப்புமாக ஐந்து சரங்கள் கொண்ட ஒரு மாலையை நான் வாங்கினேன். அவள் அறுபது ரூபாய் சொன்னாள். “இந்தப் பாசிக்கு அறுபதா? முப்பதுக்குக் கொடு” என்றேன். பேருந்து வந்து நின்று, நான் ஏறப்போகிறவள்போல் இரண்டடி நடந்து, அவள் “வா சாமி, எடுத்துக்க” என்று கூப்பிட, முப்பத்தைந்துக்கு முடித்தேன். அன்று வீட்டில் என் சாமர்த்தியத்தைப் பற்றி நானே பெருமையாகப் பேசியதும் ஞாபகம் இருக்கிறது. வேட்டையாடித் திரிந்த அவர்களுடைய பழைய பிழைப்பை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுத்தபின் பாசியும் ஊசியுமே அவர்களுக்கு முக்கிய ஜீவனம் ஆயின என்பதோ, அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆகும் என்பதோ எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் பேரம் பேசாமல் இருந்திருப்பேனா என்று உறுதி சொல்ல முடியாது. அனுதாபம் ஒரு விஷயம், விலை மற்றொரு விஷயம் என்று அப்பொழுது பிரித்து வைத்திருந்தேன்.

அந்த மாலை அலமாரிப் பெட்டியில் இருந்தது. எடுத்தபோது நூல் இற்று இரண்டு சரங்கள் அறுந்தன. எல்லாவற்றையும் தட்டில் உதிர்த்து எண்ணினேன், 612 மணிகள். நானே திரும்பக் கோக்க உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தேன்: நான்கு மணி பத்து நிமிடம். பழகிய கைக்கு இதில் பாதி நேரம் போதும் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கும் நூலுக்கும் கொடுத்த காசு போக, இரண்டு மணி நேரத்துக்கு நான் கொடுத்தது என்ன? பேரேடு பார்த்த மூளைக்கு இந்தக் கணக்குக் கடினமானதன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் கூட்டிக் கழித்த கையால் இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கருணை போதிக்கும் நூல்கள் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன். அவற்றால் ஆகாதது, விரல்நுனியில் நூல் அறுத்த தழும்பினால் ஆயிற்று.

சென்ற மாதம், திரும்பக் கோத்த அந்த மாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். பழைய பெண் இல்லை. இருப்பாள் என்று எதிர்பார்க்கவும் இல்லை. மதிலோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஊசியில் மணி ஏற்றிக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்க்காமல், வருகிற போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டே ஏற்றினார். பச்சை மணிச் சரம் ஒன்றை நான் கையில் எடுத்ததும், “நூத்தம்பது சாமி” என்றார். நான் வாய் திறப்பதற்குள், “நூறு குடு” என்றார்.

நூற்றைம்பதைக் கொடுத்தேன். அவர் ரூபாயை மடித்து வைத்துவிட்டு என் கழுத்தை உற்றுப் பார்த்தார், கை நீட்டினார். மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். கொக்கியருகே இருந்த முடிச்சை நகத்தால் நெருடி, “நிக்காது சாமி, வழுக்கும்” என்று சொல்லி, என் சம்மதத்தைக் கேளாமலே அவிழ்த்தார். வலப்புற நூலை இடத்தின்மேல் போட்டு இறுக்கியபின், மறுமுறையும் வலத்தையே மேலே போட்டிருந்தேன் போலும். டீச்சர் எத்தனையோ முறை எச்சரித்த பிழை. அவர் முறை மாற்றிப் போட்டு, நூல் நுனியை எச்சிலால் ஈரப்படுத்தி, வந்த வழியே இரண்டு மணிகளுக்குள் திருப்பிச் செலுத்தி, பல்லால் கடித்துத் துண்டித்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. நான் சரியாகப் பார்க்கவில்லை.

புடவைத் தலைப்பைச் சேர்த்துக்கொண்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். “இன்னொரு தரம் கட்டிக் காட்டுங்கள்” என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, விரித்த துணியிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து, இம்முறை மெதுவாகக் கட்டினார்.